பஞ்சுவை எத்தனை வாரத்துக்கு ஒரு முறை குரூமிங்குக்கு அழைத்துச் செல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். நாய்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர் வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. ஒன்று 3 வயது ஷிட்ஸு, பஞ்சு. மற்றொன்று மாமியார் வளர்த்து, இப்போது இவர்களோடு இருக்கும் 9 வயதுப் பொமரேனியன், மணி. பஞ்சுவை ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டுகிறார். துண்டால் நன்றாகத் தேய்த்துத் துவட்டி, மேலாக பிரஷ் போட்டு, முடிக்கிறார். கழுத்தில் உண்ணி மருந்துச் சொட்டு விடுவதும் குளித்த அன்று மாலையேதான். நாய்களின் முடியையும் நகத்தையும் பராமரிக்கும் குரூமிங் நிலையத்துக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் அழைத்துச் செல்வார். சென்ற மாதம் காலையில் விட்டுவிட்டு மாலையில் போய்ப் பார்த்தபோது, பஞ்சு உடல் முழுவதும் மழிக்கப்பட்டு நின்றிருக்கிறது. "உள்ளே எல்லாம் சடை விழுந்திருந்தது, வேறு வழியில்லை. இனி மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பஞ்சு இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம். அடிக்கடி தலையை உதறியிருக்கிறது. இப்போது நகவெட்டியைக் கண்டாலே உறுமுகிறது.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்பது அவருடைய குழப்பம். பக்கத்து வீட்டுக்காரர், "ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும், மூன்று வாரம் என்பதெல்லாம் வியாபாரம்" என்கிறார். கணவர், கோடை வருவதால் மணிக்கும் மொட்டை அடித்துவிடலாம் என்கிறார். தோழி, அழைத்துப் போவதற்கு முன் பாதித் தூக்க மாத்திரை கொடுத்துவிடு என்கிறார். "என்னிடம் கேட்காமல் மொட்டை அடித்தது அவர்கள் தவறுதானே? இனி வெளியே எங்கும் அனுப்பாமல் நானே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாமா? உண்மையில் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பஞ்சுவின் முடியைக் கத்தரித்துக் குட்டையாகவே வைத்திருப்பதானால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை போதும். தரையைத் தொடும் நீளத்துக்கு வளர்க்க ஆசைப்பட்டால் 4 வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கும். மணியை 8 முதல் 12 வாரத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்லலாம். அது முடி வெட்டுவதற்காக அன்று, உள்முடியைச் சீவி எடுப்பதற்காக. ஆனால் இந்த எண்களை மட்டும் குறித்துக்கொண்டு போனீர்களானால் அடுத்த முறையும் பஞ்சுவுக்கு மொட்டைதான் மிஞ்சும். ஏனென்றால், இரண்டு குரூமிங்குக்கு நடுவே வீட்டில் சீப்பு எத்தனை முறை தோல் வரை இறங்குகிறது என்பதைப் பொறுத்தே இந்தக் கணக்கு கூடும், குறையும். உங்கள் வீட்டில் தண்ணீர் வாரந்தோறும் இறங்கியிருக்கிறது, சீப்பு இறங்கவே இல்லை.

வாராவாரம் குளித்தும் சடை ஏன் விழுந்தது?

"இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் சடை விழுந்துவிட்டதே" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வருத்தப்படக் கூடாது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தச் சடையை இறுக்கியது பெரும்பாலும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குளியல்தான்.

ஷிட்ஸு, பூடில், மால்டீஸ், லாசா அப்சோ போன்ற நாய்களின் முடி நம் தலைமுடியைப் போல நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். இவை முடி கொட்டுவதில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் கொட்டும், குறைவாகக் கொட்டும். ஆனால் கொட்டிய முடி தரையில் விழாமல் பக்கத்து முடிகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். உங்கள் சோபாவில் முடி இல்லை என்றால், அது நாயின் மேலேயே இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முடியின் மேற்பரப்பிலும் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. முடிகள் உரசும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. கம்பளித் துணியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி அட்டை போல ஆகிவிடுமல்லவா, நாயின் உடம்பிலும் நடப்பது அதுதான். சிறு சிக்காக இருக்கும்போதே பிரித்துவிடாமல் அதன்மேல் தண்ணீரை ஊற்றி, ஷாம்பு போட்டு வட்ட வட்டமாகத் தேய்த்து, பிறகு துண்டாலும் அழுத்தித் தேய்த்தால், சிக்கு காயும்போது முடிச்சாகும். அடுத்த ஞாயிறு பக்கத்து முடிச்சோடு சேரும். நான்கு மாதத்தில் பதினாறு பதினேழு குளியல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மேலாக பிரஷ் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதனால்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது. பிரஷ் மேல் அங்குலத்தை வழுவழுவென்று ஆக்கிவிடும், தோலை ஒட்டிய அடிப்பகுதி கம்பளமாகியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், முன்னங்கால் நொண்டுகிறது என்று ஒரு நாயைக் கால்நடை மருத்துவரான என்னிடம் எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகாக, பளபளப்பாக இருந்தது. காலை முன்னால் நீட்டிப் பார்க்கலாம் என்று அக்குளில் கை வைத்தபோது, உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டையான கட்டி கையில் பட்டது. முடிதான். ஒரு பக்கம் மார்புத் தோலையும் மறுபக்கம் கால் தோலையும் பிடித்துக்கொண்டு, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இரண்டையும் இழுத்துக்கொண்டிருந்தது. முடி மழிக்கும் கருவியான கிளிப்பரால் எடுத்தபோது தோசைக்கல்லிலிருந்து பெயர்வது போல ஒரே துண்டாக வந்தது. அடியில் தோல் சிவந்து, ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. நாய் நேராக நடந்து வெளியே போனது.

இப்போது நான் சொல்லும் சோதனையை இன்று இரவே மணியிடம் செய்து பாருங்கள். பஞ்சுவுக்கு முடி வளர்ந்ததும் அதற்கும் செய்யலாம். உலோகப் பற்கள் கொண்ட சீப்பை எடுத்து, காதுக்குப் பின்னால் தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை இழுங்கள். தடையின்றி வந்தால் நல்லது. நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது. அதே போல இரண்டு அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை படும் இடம், வாலடி, பின்தொடையின் பின்புறம் ஆகியவற்றையும் பாருங்கள். சடை முதலில் விழுவது எப்போதும் இந்த இடங்களில்தான். முதுகைச் சீவுவது நாய்க்கும் பிடிக்கும், நமக்கும் எளிது. அதனாலேயே எல்லோரும் முதுகைச் சீவிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

சரியான வரிசை இதுதான்: முதலில் சீவுவது, பிறகு குளிப்பாட்டுவது, பிறகு சீவிக்கொண்டே உலர்த்துவது. சீவும்போது ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, அடியில் தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி ஸ்லிக்கர் பிரஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்) சீவி, பின் சீப்பால் சரிபார்த்து, அடுத்த வகிட்டுக்கு ஏற வேண்டும். ஒரு நாளில் உடம்பு முழுவதும் செய்ய வேண்டியதில்லை. இன்று இரண்டு காதும் ஒரு காலும், நாளை வயிற்றின் பக்கம் என்று பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். துண்டால் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். சிக்கு இருப்பது தெரிந்தால் அந்த வாரம் குளியலை ஒத்திப்போடுவதே நல்லது. நோயில்லாத ஷிட்ஸுவுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு குளியல் தாராளமாகப் போதும்.

தயவுசெய்து சடையைக் கத்தரிக்கோலால் வெட்ட முயலாதீர்கள். சடை தோலைக் கூடாரம் போல மேலே இழுத்து வைத்திருக்கும். எது முடி, எது தோல் என்று விரலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. கத்தரி பட்டுத் தோல் பிளந்து தையல் போட வரும் நாய்களில் பெரும்பாலானவை, வீட்டில் அன்போடு கவனிக்கப்பட்டவைதான்.

கேட்காமல் மொட்டை அடித்தது தவறா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மொட்டை அடித்தது அநேகமாகச் சரி. உங்களைக் கேட்காமல் அடித்தது தவறு.

உடல் முழுவதும் சடை விழுந்த நாயை முடிச்சு முடிச்சாகப் பிரித்தெடுப்பதென்றால் மணிக்கணக்கில் தோலை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது அழகைக் காப்பாற்ற நாயை வதைப்பது. நானாக இருந்தாலும் மழித்துத்தான் இருப்பேன். முடி வளர்ந்துவிடும், மேசையில் பட்ட வலியை நாய் எளிதில் மறக்காது. ஆனால் நாய் உங்களுடையது. வேலையைத் தொடங்கும் முன் சடையை உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும், அல்லது தொலைபேசியில் சொல்லிச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். நீங்கள் ஒப்படைக்கும்போது ஏதேனும் படிவத்தில் கையெழுத்திட்டீர்களா என்று பாருங்கள். "தேவைப்பட்டால் முழுவதும் மழிக்கலாம்" என்ற ஒரு வரி அதில் இருந்தால் உங்கள் வாதம் வலுவிழந்துவிடும். பல நாடுகளில் குரூமிங் என்பது உரிமம் தேவைப்படாத தொழில். ஆகவே சட்டத்தைவிட, முன்கூட்டியே எழுத்தில் சொல்லி வைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. "மழிக்க வேண்டியிருந்தால் முதலில் என்னை அழைக்கவும்" என்று படிவத்தில் நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பஞ்சு அவமானத்தில் ஒளிந்துகொள்ளவில்லை என்றும் சொல்ல வேண்டும். நாய்க்குக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்படும் வழக்கம் இல்லை. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த தோலில் திடீரென்று காற்றும் தரையின் குளிர்ச்சியும் படுகின்றன, கிளிப்பர் பிளேடு சூடேறி உரசிய இடங்களில் எரிகிறது, காலை முதல் மாலை வரை அன்னியர் நடுவே நின்ற களைப்பு வேறு. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த இரண்டு நாள். தொடை இடுக்கிலும் வயிற்றிலும் சிவந்த கோடுகள் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும்.

தலையை உதறியதைத்தான் நான் கவலையோடு படித்தேன். காதில் இறுகியிருந்த சடையை எடுத்ததும், அதுவரை அழுந்திக் கிடந்த காது மடலில் இரத்தம் பாயும். நாய் உதறும். உதறும் வேகத்தில் மடலுக்குள் இருக்கும் நுண்ணிய நாளங்கள் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் தேங்கிவிடும். அப்போது காது மடல் சிறு தலையணை போல உப்பி, மெதுமெதுவென்று இருக்கும். மடல் அப்படி உப்பியிருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உப்பவில்லை, ஆனால் உதறுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை என்றால், காதுக்குள் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மணிக்கு மொட்டை வேண்டாம்

உங்கள் கணவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் நாயின் முடியை நாம் போடும் கம்பளிச் சட்டையாக நினைத்துக்கொள்வதால் வரும் பிழை இது. நாம் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்கிறோம். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் அப்படிப்பட்ட வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அது உடலின் சூட்டைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைத்தே தணித்துக்கொள்கிறது. எனவே முடியை எடுத்தால் நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதற்குக் கிடைக்காது. மாறாக, வெயில் நேராகத் தோலில் விழும். பொமரேனியன், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. மேலே நீண்ட கரடுமுரடான முடியும், அடியில் மெத்தென்ற அடர்ந்த உள்முடியும் இருக்கும். காற்றுப் புக வேண்டுமானால் உதிர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும் உள்முடியைச் சீவி எடுக்க வேண்டுமே தவிர, இரண்டையும் சேர்த்து மழிக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுவே முக்கியம். பஞ்சுவின் முடி பெரும்பாலும் வளரும் நிலையில் இருப்பது. மணியின் முடியில் பெரும்பகுதி ஓரளவு வளர்ந்தபின் நீண்ட காலம் ஓய்வில் இருப்பது. அப்படி ஓய்வில் இருக்கும் முடியை மழித்துவிட்டால், வேர் மறுபடி விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், சில நாய்களுக்குப் பழையபடி வருவதே இல்லை. பொமரேனியன்களில் இது எங்களுக்குப் பழகிப்போன காட்சி: தலையிலும் கால்களிலும் முடி, நடுவில் திட்டுத் திட்டாக வழுக்கை. அறுவைச் சிகிச்சைக்காகவோ தோல் நோய்க்காகவோ மழிக்க வேண்டி வந்தால் வேறு வழியில்லை, ஏற்றுக்கொள்ளலாம். கோடைக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம். பாத மெத்தைகளுக்கு இடையே வளரும் முடி, ஆசனவாயைச் சுற்றியுள்ள முடி, பின்தொடையில் தோகை போலத் தொங்கும் முடி ஆகியவற்றை மட்டும் லேசாகக் கத்தரித்துவிடச் சொல்லுங்கள். மழிக்காமலேயே மணிக்கு முடி சன்னமாகிக்கொண்டு வருவதாகத் தெரிந்தால் அது குரூமரின் வேலை இல்லை. 9 வயதில் தைராய்டு முதலிய ஹார்மோன் கோளாறுகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மணிக்கு அவ்வப்போது வாத்து கத்துவது போல இருமல் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பொமரேனியன்களுக்கு வயதாகும்போது மூச்சுக்குழாய் தளர்ந்து அழுந்துவது சாதாரணம். குரூமிங் மேசையில் நாய் அசையாமலிருக்கக் கழுத்தில் ஒரு சுருக்குக் கயிறு மாட்டுவார்கள். இருமல் உள்ள நாய்க்கு அது ஆகாது. மார்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் மூன்று வாரம் என்பது வியாபாரமா?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது, ஏற்கவும் முடியாது. அவர் லாப்ரடாரோ பீகிளோ வளர்ப்பவராக இருந்தால், அவருடைய நாய்க்கு அவர் சொல்வது ஏறக்குறையச் சரி. குட்டை முடி நாய்களுக்கு வாரம் ஒரு முறை ரப்பர் பிரஷ், அழுக்கானால் குளியல், மாதந்தோறும் நகம். அவற்றை வீட்டிலேயே செய்பவர்களுக்குக் குரூமிங் நிலையம் அவசியமே இல்லை. கம்பி போன்ற முடியுள்ள டெரியர்களின் கதை வேறு. சில மாதத்துக்கு ஒரு முறை பழைய முடியைக் கையால் பறித்தெடுக்கும் வேலை அது, பழகியவர் செய்ய வேண்டும். உங்கள் குரூமர் சொன்ன 3 வாரமும், வீட்டில் ஒருவருமே தோல் வரை சீவாத ஷிட்ஸுவுக்கு நியாயமான கணக்குதான். அவர் பார்த்த பஞ்சு அந்த நிலையில்தான் இருந்தது. வாரத்தில் மூன்று நான்கு நாள் நீங்கள் சீவினால் அதுவே 6 வாரமாகும், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் 8 வரை நீளும். அதற்கு மேல் நீட்ட வேண்டாம். சீவ நேரமில்லை என்று தெரிந்தால் குற்ற உணர்வு வேண்டாம், குட்டை வெட்டைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட முடி நமக்குத்தான் அழகு, நாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை வெட்டியாக வேண்டும். தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. கட்டைவிரல் போல மேலே இருக்கும் நகம் தரையில் உரசாது. அது வளைந்து சதைக்குள்ளேயே குத்திவிடும், முடிக்குள் மறைந்திருப்பதால் தேடிப் பார்க்க வேண்டும். நகம் மட்டும் வெட்டிக்கொண்டு வரப் பத்து நிமிடம்தான் ஆகும். பல மருத்துவமனைகளிலும் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் மாற்ற வேண்டியவை

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களைத் தொட வேண்டும். முதலாவது, உங்கள் தலைக்குப் போடும் ஷாம்புவையே பஞ்சுவுக்கும் போடுவது. நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருப்பது, அதன் மேலடுக்கும் நம்முடையதைவிட மெல்லியது. நாய்க்கென்றே இருப்பதை வாங்குங்கள், நுரை ஒட்டாமல் நன்றாக அலசுங்கள்.

இரண்டாவது, ஷாம்புவில் தண்ணீர் கலந்து ஒரு பாட்டிலில் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்வது. இதை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீர் கலந்ததும் ஷாம்புவிலுள்ள பதப்படுத்தும் பொருளின் வீரியம் குறைந்துவிடும், ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதில் பெருகும். தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவை முடிக்கால்களுக்குள் புகுந்தால், ஓரிரு நாளில் நாய்க்கு முதுகைத் தொட முடியாத வலி, காய்ச்சல், சோர்வு எல்லாம் வரும். முதுகில் கொப்புளங்கள் கிளம்பும். வலியைப் பார்த்து முதுகெலும்புப் பிரச்சினை என்று நினைத்துவிடுவார்கள். "எப்போது குளிப்பாட்டினீர்கள்?" என்பது அந்த நாய்களைக் கொண்டுவருபவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அவ்வப்போது தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது, குளித்த அன்றே உண்ணி மருந்து. கழுத்தில் விடும் சொட்டுகளில் பல, தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்துதான் உடல் முழுவதும் பரவுகின்றன. ஷாம்பு அந்தப் பசையை எடுத்துவிட்டிருக்கும். பொதுவாக, குளியலுக்கும் சொட்டு மருந்துக்கும் இடையே முன்னும் பின்னும் 48 மணி நேரம் விட வேண்டும். உங்கள் மருந்தின் உறையில் வேறு கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

பாதித் தூக்க மாத்திரை

கூடாது. உங்கள் தோழியின் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம். மனிதர்களுக்கான மாத்திரையின் அளவு வேறு, சில மருந்துகள் நாயை அடக்குவதற்குப் பதிலாக மேலும் கலவரப்படுத்தும். பஞ்சு தட்டை மூக்கு இனம், விழித்திருக்கும்போதே அதன் மூச்சுப் பாதை குறுகியது. தொண்டைத் தசைகள் தளர்ந்து அரைமயக்கத்தில் இருக்கும் ஷிட்ஸுவை, மருத்துவம் அறியாத ஒருவர் சூடான ட்ரையருக்கு முன்னால் நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள். குரூமிங் நிலையத்தில் யாராவது தாங்களே மயக்க மருந்து தருவதாகச் சொன்னாலும் நாயை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உண்மையிலேயே அச்சம் மிகுந்த நாய்களுக்கு மருத்துவர் எழுதித் தரக்கூடிய மருந்துகள் உண்டு. அவற்றையும் முதலில் ஒரு நாள் வீட்டில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே குரூமிங் நாளில் கொடுப்போம். அதுவும் போதாதென்றால் மருத்துவமனையில், கண்காணிப்பில் வைத்துச் செய்யலாம்.

பஞ்சுவுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அது பிடிவாதத்தால் உறுமவில்லை. சென்ற முறை வலித்தது, "மறுபடி வேண்டாம்" என்று சொல்கிறது. உறுமியதற்காக அதட்டாதீர்கள். உறுமலை அடக்கப் பழகிய நாய் எச்சரிக்காமல் கடிக்கும். நகவெட்டியை எடுத்து வந்து தரையில் வையுங்கள், அதற்குப் பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள், எடுத்துப் போய்விடுங்கள். சில நாள் இதுவே. பிறகு பாதத்தைத் தொட்டுத் தீனி, பிறகு நகவெட்டி நகத்தில் படத் தீனி, பிறகு ஒரே ஒரு நகம். ஒரு நாளுக்கு ஒரு நகம் வெட்டினாலும் மூன்று வாரத்துக்குள் சுற்று முடிந்துவிடும், அடுத்த சுற்றுக்கு நேரம் சரியாக இருக்கும்.

வீட்டில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு?

சீவுவது, குளிப்பாட்டுவது, முகத்தைத் துடைப்பது, பழகிவிட்டால் நகம், இவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடி வெட்டுவதை மட்டும் வெளியே விடுங்கள். முக்கியமாகக் கண்ணைச் சுற்றிய முடி: ஷிட்ஸுவின் கண் வெளியே துருத்தியிருப்பது, அசையும் நாயின் கண்ணருகே கூரிய கத்தரியோடு வீட்டில் பழகிப் பார்க்க வேண்டாம். குரூமிங் முடிந்து வந்த பின் ஒரு கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, நீர் வழிந்தாலோ, அன்றைக்கே காட்ட வேண்டும். ஷாம்பு பட்டோ முடி குத்தியோ கருவிழியில் புண் வந்தால் ஒரே இரவில் ஆழமாகிவிடும்.

புதிய இடமோ பழைய இடமோ, ஒப்படைக்கும் முன் எப்படி உலர்த்துகிறார்கள் என்று கேளுங்கள். கூண்டில் அடைத்துச் சூடான காற்றை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் இடம் தட்டை மூக்கு நாய்க்கு ஆகாது. வெப்பத் தாக்கத்தில் நாய்கள் இறந்திருக்கின்றன. கையில் பிடித்த ட்ரையர், பக்கத்தில் ஆள், இது போதும். முழுநாள் விட்டுவிட்டு வருவதைவிட, நேரம் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்ப அழைத்துக்கொள்ள முடிகிறதா என்றும் கேளுங்கள். ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்கிவிடுவது, காதுக்குள் வளரும் முடியைப் பிடுங்குவது ஆகிய இரண்டையும் சிலர் கேட்காமலேயே சேர்த்துச் செய்வார்கள். பின்புறத்தைத் தரையில் தேய்க்காத, அடிக்கடி நக்காத நாய்க்கு முதலாவது தேவையில்லை. ஆரோக்கியமான காதில் முடியைப் பிடுங்கினால் இல்லாத வீக்கத்தை வரவழைத்ததாகிவிடும். இரண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பஞ்சுவின் முடி இப்போது குட்டையாக இருப்பதை நல்ல வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கே இல்லாத உடம்பில் சீப்பைப் பழக்கினால் அதற்கு வலி என்பதே நினைவில் வராது. இன்றிலிருந்து ஆறாவது வாரத்துக்கு இப்போதே நேரம் குறித்துவிடுங்கள். அதற்கு நடுவில் ஒரு நாள் சும்மா அந்த இடத்துக்கு அழைத்துப் போய், ஒரு துண்டு தீனி கொடுத்து, ஒன்றும் செய்யாமல் திரும்பி வாருங்கள். குறித்த நாளுக்கு முந்தைய இரவு உடல் முழுவதும் சீப்பால் சோதித்து, சீப்பு நின்ற இடங்களை ஒரு தாளில் எழுதிக் காலையில் குரூமரிடம் கொடுங்கள். அன்று காலை வீட்டில் குளிப்பாட்ட வேண்டாம்.